விருந்துக்கு மறுநாளைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஆரப்பாளையம் – சிங்காநல்லூர் தடத்தில் ஓடும் பேருந்தில் நடத்துநராக இருக்கிறேன். வயது 46. காலையில் வண்டி எடுக்கும் முன் பஸ் ஸ்டாண்டுக் கடையில் உங்கள் பத்திரிகையை வாங்கி, திண்டுக்கல் தாண்டி டிக்கெட் எல்லாம் போட்டு முடித்த பிறகு படிப்பது பல வருடப் பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், சுகர் உள்ளவர்கள் தீபாவளியை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று தெளிவாக இருந்தது. என் வீட்டில் அதை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஒரு குறை. இதையெல்லாம் படித்து, சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கு இலை முன்னால் உட்கார்ந்ததும் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்ட ஒருவன் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும்? அதற்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. இதுவரை நான் படித்த எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. அந்த மறுநாளில்தான் நான் விழுந்தேன். ஒரு நாளில் அல்ல, ஆறு வாரம் விழுந்து கிடந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சுகர் இருப்பது போன வருடம் ஐப்பசியில் தெரிந்தது. 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு அம்மா வருவார். என் தாயாருக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு, ஓய்வு நாளில் திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம், "சும்மாதானண்ணே இருக்கீங்க, நீங்களும் விரலைக் காட்டுங்க" என்றார். 268 காட்டியது. இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொன்னேன். "அதுக்கும் இது அதிகம்ண்ணே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்தார். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தார்கள். 8.1. அது 6.5-ஐத் தொட்டாலே சுகர் என்று அர்த்தமாம். எடை 86 கிலோ. இடுப்பு 104 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேர். என் வண்டியில் 55 சீட்டு. நிறைந்த வண்டி என்றால் ஆறு பேர். இப்போதெல்லாம் டிக்கெட் கொடுக்கும்போது இதில் யார் அந்த ஆறு பேர் என்று மனசு தானாகத் தேடுகிறது.

டாக்டரம்மா மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டைக் குறை, நட என்றார். நான் உண்மையாகவே செய்தேன். எங்கள் தொழிலில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு லேசான காரியம் இல்லை. வண்டி நிறுத்தும் ரோட்டோர ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி மேசை, காசு கிடையாது. கேட்காமலேயே பரோட்டா வரும், சால்னா வரும், ஆம்லெட் வரும், எண்ணிக்கை கிடையாது. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதால் வயிறு நிறைந்தது தெரியும் முன்னே கை கழுவிக்கொண்டிருப்போம். இருபது வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். அதை விட்டுவிட்டு வீட்டு டிபன் பாக்ஸுக்கு மாறினேன். நாலு இட்லி, பொட்டுக்கடலை சேர்க்காத தேங்காய்ச் சட்னி, மதியத்துக்கு ஒரு கரண்டி சாதமும் இரண்டு கரண்டி காயும், அவித்த முட்டை ஒன்று.

ஓய்வு நாளில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். முதல் வாரம் ஒரு சுற்றிலேயே மூச்சு வாங்கியது. மாசி மாதம் நாலு சுற்று வந்தேன்.

இதற்கு நடுவில் காலேஜில் மனோதத்துவம் படிக்கும் என் மகள் ஒரு செய்தி சொன்னாள். 1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் பஸ் தொழிலாளிகளை வைத்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்களாம். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருக்கிறது. வந்தவர்களும் டிரைவர்கள் அளவுக்கு உடனே இறந்துபோகவில்லை. உடம்பு அசைந்தால் இதயத்துக்கு நல்லது என்று எண்ணிக் காட்டிய ஆரம்ப கால ஆராய்ச்சிகளில் அது ஒன்றாம். என் தொழில்காரனை வைத்து உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு அத்தனை சந்தோஷம். அதே சமயம் யோசனையும் வந்தது. நான் என்ன செய்கிறேன்? டிக்கெட் போட்டு முடித்ததும் பின்படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுகிறேன். அன்றிலிருந்து திண்டுக்கல் முதல் ஒட்டன்சத்திரம் வரை உட்காருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

பங்குனியில் எச்பிஏ1சி 7.0-க்கு இறங்கியது. எடை 80.

அப்புறம் வைகாசியில் என் கடைசித் தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் தங்கை வீட்டுக்காரரின் குலசாமி கோயில். நான் தாய்மாமன். சீர்த்தட்டு, கிடா, மாலை என்று கொட்டுச் சத்தத்தோடு போய் இறங்கினோம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளை என் மடியில் உட்கார்ந்தான். ஆசாரி காதைத் தொட்டதும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று அழுதான். அவன் அழுத ஈரம் வேட்டியில் காய்வதற்குள் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கறிக்குழம்பு, சுக்கா, குடல், ரத்தப் பொரியல், எலும்பு ரசம். தங்கையே வாளியை எடுத்துக்கொண்டு வந்து பரிமாறினாள். இரண்டாவது தடவை சாதம் வைக்க வந்தபோது இலை மேல் கையை வைத்து மறைத்தேன். "என்னண்ணே, நீங்க சாப்பிடாமயா?" என்றாள். கையை எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவையும் எடுத்தேன். பிறகு பாயசம், அதன் பிறகு பூந்தி. சாயந்திரம் கிளம்பும்போது பேப்பரில் மடித்துக் கொடுத்த பூந்தியையும் கார் திருமங்கலம் வருவதற்குள் நானே தின்று முடித்தேன்.

இந்த இடத்தில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. தங்கை கையால் வாங்கிச் சாப்பிட்டது அது. என்னைக் கவிழ்த்தது அதற்குப் பிறகு நான் செய்த காரியங்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்தேன். விடிகாலை மூன்றரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக எடை மெஷினில் ஏறினேன். 82. ஒரே நாளில் இரண்டு கிலோ. ஏழு மாசம் கஷ்டப்பட்டது போச்சு என்று வாய்விட்டே சொன்னேன். மனைவி இட்லி எடுத்து வைத்தாள். வேண்டாம், நேற்றுத் தின்றதற்கு இன்றைக்குப் பட்டினி என்று சொல்லி டிபன் பாக்ஸை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன். நேற்று அதிகம் தின்றிருக்கிறோம், மாத்திரையாவது வேலை செய்யட்டும் என்ற நினைப்பு. இது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வண்டி திண்டுக்கல்லில் நிறைந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது ஒரு அம்மா ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து தாராபுரத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். டிக்கெட் மிஷினில் ஸ்டேஜை அமுக்கினேன், விரல் வேறு எங்கோ போனது. மறுபடி அமுக்கினேன். பைக்குள் கைவிட்டு நூறு ரூபாய்த் தாள்களை எண்ணுகிறேன். மூன்று வரை எண்ணினேன், அப்புறம் எண்ண வரவில்லை. இருபது வருடமாகச் சில்லறை எண்ணிய கை. சட்டை முழுக்கக் குளிர்ந்த வேர்வை. கம்பியைப் பிடித்திருந்த கை தடதடவென்று ஆடுகிறது. கண் முன்னால் அந்த அம்மாவின் முகம் இரண்டாகத் தெரிந்தது.

அந்த அம்மாதான் என்னைக் காப்பாற்றினார். "தம்பி, உனக்குச் சுகரா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேனா என்று கூட நினைவில்லை. தோளைப் பிடித்து உட்கார வைத்து, பையிலிருந்து பேரப்பிள்ளைக்கு வாங்கிய ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நாலைந்தை ஒன்றாக என் வாயில் போட்டார். "கடிச்சு முழுங்கு, சப்பிக்கிட்டு இருக்காதே" என்று அதட்டினார். பக்கத்தில் இருந்தவர் குளிர்பானப் பாட்டிலை நீட்டினார். டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அந்த அம்மாவுக்கு மீதிச் சில்லறையை டிரைவர் அண்ணன்தான் எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மாவின் பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கடிதம் அச்சாகி அவர் கண்ணில் பட்டால், அம்மா, உங்களுக்கு என் நமஸ்காரம்.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்தரை மணிக்கு ஓட்டலில் வண்டி நின்றது. ஏழு மாசமாக எட்டிப் பார்க்காத அந்தத் தனி மேசையில் போய் உட்கார்ந்தேன். பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, அதுதான் போச்சே, இனி என்ன என்ற நினைப்பு. ஏழு பரோட்டா. எட்டாவதைக் கொண்டு வந்தபோது டிரைவர் அண்ணன்தான் வேண்டாம் என்று கை காட்டினார்.

அடுத்த ஆறு வாரமும் இதே சுற்றுத்தான். ஒரு நாள் அளவில்லாமல் தின்பது, மறுநாள் காலையில் பட்டினி, மத்தியானத்துக்குள் கை நடுக்கம், சாயந்திரம் மறுபடி அளவில்லாத சாப்பாடு. வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ராத்திரி வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் தள்ளுவண்டியில் நின்று தின்றுவிட்டு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போவேன். வீட்டில் அளவாகச் சாப்பிடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். மனைவி முகத்தைப் பார்க்க முடியாது. தெப்பக்குளத்துப் பக்கம் போகவே இல்லை. அங்கே தினமும் நடக்க வருகிறவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற கூச்சம். வண்டியில் நிற்பதையும் விட்டேன். கொடுமை அதுதான். சாப்பாட்டில்தான் தவறினேன், நடையில் இல்லை. ஆனால் ஒன்று தவறியதும் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆனியில் எடை 84.

என் மகள்தான் கண்டுபிடித்தாள். என் துணிப்பையில் சால்னாக் கறை. அவள் சத்தம் போடவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, ஒரு ஐஸ்கிரீம் கதை சொல்லட்டுமா?" என்றாள். 1975-இல் அமெரிக்காவில் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்த சோதனை அது. காலேஜ் மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாரிடமும் ஐஸ்கிரீமை ருசி பார்த்து மார்க் போடச் சொல்லி, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே? ஆனால் எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிற பெண்கள் நேர்மாறாக நடந்துகொண்டார்கள். மில்க்‌ஷேக் குடிக்காதபோது அளவாகச் சாப்பிட்டவர்கள், குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன என்கிற எண்ணம்தான் அதற்குக் காரணமென்று சொல்கிறார்களாம்.

"உங்க 'போச்சு' இருக்கே, அதுதாம்ப்பா இது" என்றாள். ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். ஆறு வாரமாக எனக்கு மன உறுதி இல்லை, நான் நாக்குக்கு அடிமை, இனி திருந்த மாட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு ஊரில் படித்த பிள்ளைகளும் ஒரு டம்ளர் பாலுக்குப் பிறகு அதையேதான் செய்திருக்கிறார்கள் என்று கேட்டதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளுவண்டி உட்பட. எச்பிஏ1சி 7.6. அவர் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் பேசினார். கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும், நீங்கள் அன்றைக்குப் பிழைத்தது அந்த அம்மா புண்ணியம் என்றார். விருந்து சாப்பிட்டோம் என்று மாத்திரையை நாமாகக் கூட்டவும் கூடாது, மறுநாள் சாப்பாட்டை நாமாக நிறுத்தவும் கூடாது. சர்க்கரை தாழ்ந்து நடுக்கம் வந்தால், முழுங்க முடிகிற நிலையில் இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து என் பணப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை இருக்கிறது.

பிறகு அந்த இரண்டு கிலோவைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டும் என்றால் சுமார் 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். இரண்டு கிலோவுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். "அன்னைக்கு வழக்கத்தைவிட ஒரு ஆயிரத்தைந்நூறு கலோரி கூடச் சாப்பிட்டிருந்தாலும் இருநூறு கிராம்தான் சேரும். மிச்சமெல்லாம் தண்ணியும் வயித்துல இருந்த சாப்பாடும்" என்றார். விருந்துச் சாப்பாட்டில் உப்பு அதிகம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சாதமும் இனிப்பும் உடம்பில் கிளைகோஜன் என்கிற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேர்ந்தே நிற்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது தானாக இறங்கிவிடும். அதாவது, இருநூறு கிராமுக்காக நான் நாலு கிலோவை ஏற்றிக்கொண்டேன். இந்தக் கணக்கை எனக்கு வைகாசியில் யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆறு வாரமும் என்னிடம் இருந்திருக்கும்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். 2009-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவரோடு வேலை செய்தவர்களும் 96 பேரைப் புதிதாக ஒரு பழக்கத்தை ஆரம்பிக்கச் சொல்லி, அது எத்தனை நாளில் படிகிறது என்று பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது, நடுவாந்தரமாக 66 நாள். இதில் எனக்கு வேண்டியது என்னவென்றால், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள்தான் போகிறது. கண்டக்டருக்கு இது புரியாததா? ஒரு நடையில் கலெக்‌ஷன் குறைந்தால் அடுத்த நடையை ஓட்டாமலா விடுகிறோம்?

இப்போது நான் செய்வது சாதாரணக் காரியம்தான். அதிகம் சாப்பிட்ட நாளுக்கு மறுநாள் காலையில் அதே நாலு இட்லி, அதே நேரம். ஒன்று கூட்டுவதில்லை, ஒன்று குறைப்பதில்லை. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே போகும். எடை மெஷினை மனைவி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். நடையும் வழக்கமான நாலு சுற்றுத்தான். ஆரம்பத்தில் தின்றதைக் கரைக்க வேண்டும் என்று எட்டுச் சுற்று நடந்து பார்த்தேன், முட்டி வலி வந்து நாலு நாள் நடக்க முடியாமல் போனதுதான் மிச்சம். தண்டனை மாதிரி நடந்தால் நடையே வெறுத்துப் போகிறது. விடிகாலையில் குளத்தில் நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு, வைகைத் தண்ணீர் வாசத்தோடு நடப்பது எனக்குப் பிடித்த காரியம், அதை நான் தண்டனையாக்க விரும்பவில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம், வீட்டில் சொல்லிவிடுவது. ஆவணியில் ஒரு நாள் பல்லடம் பக்கம் டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டோம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆரப்பாளையம் வந்தபோது பசி தாங்காமல் தள்ளுவண்டியில் ஐந்து பரோட்டா சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு அஞ்சு பரோட்டா" என்று சொன்னேன். மனைவி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "சரி, காலைல எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. நாலு இட்லி சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், அவ்வளவுதான். வைகாசியில் ஆறு வாரம் எடுத்தது ஆவணியில் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் இந்த இடத்தில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். "இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா", "டயட்டெல்லாம் காத்துல போச்சா" என்ற பேச்சை அடுத்தவர் சும்மா சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கேட்டவன் அதை இரண்டு நாள் சுமக்கிறான். எனக்கு அந்தப் பேச்சு வந்த நாட்களில்தான் தள்ளுவண்டிக் கடை கூப்பிட்டது. அதே மாதிரி, வேண்டாம் என்று இலையை மறைக்கிற கையைப் பிடித்து இழுக்காதீர்கள். என் தங்கை பாசத்தில்தான் செய்தாள். விஷயம் தெரிந்த பிறகு அவளே அழுதுவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மாதிரி எப்போதோ தவறுவது வேறு. வாரம் தவறாமல், கொஞ்ச நேரத்துக்குள் ஏகப்பட்டதைச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, யாருக்கும் தெரியாமல் ஒளிந்து சாப்பிடுவது, அப்புறம் உட்கார்ந்து அழுவது என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது ஒரு நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்களாம். என்னிடமும் அதற்கான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் விட்டார். அப்படி இருப்பவர்கள் வெட்கப்படாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். யாரிடம் சொல்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416 இருக்கிறது, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது பெரிய உதவி இல்லை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்கு முன் 'இதைச் சாப்பிடாதீர்கள்' என்று நீங்கள் எழுதுவது சரிதான், எழுதுங்கள். ஆனால் தீபாவளி விடுமுறை முடிந்து முதலில் வரும் இதழில், ஒரு ஓரத்தில் நாலு வரி போடுங்கள். நேற்று அதிகம் சாப்பிட்டவர்கள் இன்று பட்டினி கிடக்காதீர்கள், மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், எடை பார்க்காதீர்கள், வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு சாப்பிடுங்கள் என்று. நல்ல டாக்டர் ஒருவரைக் கேட்டுப் போடுங்கள், என்னைவிட அவர் சரியாகச் சொல்வார். அன்றைக்கு டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிற எத்தனையோ பேர் மனசுக்குள் 'போச்சு' என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

போன வாரம் எடுத்த டெஸ்டில் எனக்கு 6.9. எடை 80-உம் சில்லறையும். தீபாவளிக்குத் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். அதிரசம் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், கறியும் எடுப்போம். நான் ஒன்றிரண்டு கூடச் சாப்பிட்டாலும் சாப்பிடுவேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எனக்கு டூட்டி. இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட வேண்டும் என்று மனைவியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஒரு பேருந்து நடத்துநர்,
மதுரை.